ஊக்கபானமும் பிள்ளைகளின் உறக்கமும்



சென்ற பௌர்ணமிக் கூட்டம் முடிந்தபின், பத்தாம் வகுப்பிற் படிக்கும் பிள்ளையொருவன் எம்மிடம் வந்து, "ஐயா, பரீட்சைக்கு விழித்துப் படிக்க எனர்ஜி டிரிங்க் குடிக்கிறேன். அதில் சாராயம் இல்லை. ஐந்தாம் சீலம் அதைத் தடுக்குமா?" என வினவினான். அவன் கண்கள் சிவந்திருந்தன. வினா நேர்மையானது, ஆதலின் விடையும் விரிவாக இருத்தல் வேண்டும்.

அதில் மது இல்லை என்பது மெய். கள்ளோடு சேர்த்து எண்ணுவது பிழை. அதிலுள்ளது காபீன், காபியிலும் தேயிலையிலும் இருப்பதும் அதுவே. நாம் விழித்திருக்கும்போது மூளையில் அடினோசின் என்னும் பொருள் சிறிது சிறிதாகச் சேர்ந்து, உறங்கும் வேளையை அறிவிக்கின்றது. அது சென்று அமரவேண்டிய இடங்களிற் காபீன் முந்திப்போய் அமர்ந்துகொள்கின்றது. செய்தி சேராமையாற் களைப்புத் தோன்றவில்லையே தவிர, களைப்பு நீங்கிவிடவில்லை. கடன் கொடுத்தவன் வாசலில் நிற்கக் கதவைத் தாழிட்டதனாற் கடன் தீருமோ?

யாம் ஆலையில் இரவு ஷிப்டு பார்த்த காலத்தில், விடியற்காலை மூன்று மணிக்குத் தேநீர் குடித்துத் தறிமுன் நின்றதுண்டு. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் உடல் விறகுபோற் கிடக்கும், கண் மூடாது. உட்கொண்ட காபீனிற் பாதி குறையவே வளர்ந்தவர்க்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும் என்பதைப் பின்னரே படித்தறிந்தோம். மாலை ஆறு மணிக்கு ஒரு டின் குடித்தவனுக்கு, இரவு பதினொரு மணிக்கும் அதிற் பாதி உடலில் இருக்கக்கூடும்.

பருவமடையுங் காலத்தில், உறக்கத்திற்கு உடலை ஆயத்தஞ் செய்யும் மெலடோனின் இரவில் முன்னினும் பிந்திச் சுரக்கின்றது. பத்து மணிக்குப் படுத்தும் உறக்கம் வராமை அடங்காமையன்று. பெற்றோர் இதனை அறியாமற் பிள்ளையை வைகின்றனர். பள்ளியோ காலையிலேயே அழைக்கின்றது. 13 முதல் 18 வயதினர்க்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டுமென அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016இற் கூறிற்று. அன்றியும், பகலிற் படித்தது மனத்தில் ஊன்றுவதற்கு உறக்கம் வேண்டும். இதனை எந்தப் பெட்டிக்கடைக்காரரும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை.

நம் நாட்டில் 2016இல் வகுத்த விதிப்படி, இப்பானங்களில் லிட்டருக்கு 145 முதல் 300 மில்லிகிராம் வரை காபீன் இருக்கலாம். சிறுவர்க்கு ஏற்றதன்று என்றும், நாளொன்றுக்கு 500 மில்லிலிட்டருக்கு மேல் அருந்தலாகாது என்றும் மேலே அச்சிடவேண்டும். அச்சிடுகின்றனர், எறும்பெழுத்தில்! லிதுவேனியா 2014 முதலும், போலந்து 2024 முதலும் 18 வயதுக்குட்பட்டோர்க்கு இவற்றை விற்பதையே தடுத்துள்ளன.

இனி, அப்பிள்ளைக்கு யாம் சொன்ன விடை. "தம்பி, சீலத்தின் சொல் இதைத் தடுக்கவில்லை. ஆனால் அறிவு மயங்கி அசட்டை புகாதிருக்கவே அச்சீலம் ஏற்பட்டது. மூன்று இரவு உறங்காதவன் விழிப்போடு தெருவைக் கடக்கின்றானா?" என்றோம். அவன் பேசாதிருந்தான். நாள்தோறும் குடித்துப் பழகியவன் திடீரென நிறுத்தினாற் சில நாள் தலைவலி வரும். ஆதலின் சிறிது சிறிதாகக் குறைக்கவும், நண்பகலுக்குப் பின் தொடாதிருக்கவும், கைபேசியைப் படுக்கைக்கு அப்பால் வைக்கவும் சொன்னோம். நெஞ்சு படபடத்தால் மருத்துவரிடம் காட்டவேண்டும் என்றோம்.

"பரீட்சை முடிந்ததும் விட்டுவிடுகிறேன், ஐயா" என்றான்.

"பரீட்சைக்கு முன் விட்டாலன்றோ பரீட்சைக்கு நல்லது!" என்றோம். சிரித்துக்கொண்டே போனான். வரும் பௌர்ணமியன்று அவன் கண்களைப் பார்க்கவேண்டும்.