நகருள் மனைக்கு எந்தச் சுற்றுச்சூழல் ஆய்வுப் பாதை?

சாலையும் குடிநீர்க் குழாயும் பேருந்தும் ஏற்கெனவே எட்டியிருக்கும் நகர்ப்பகுதியில் வெறுமையாகவோ வண்டி நிறுத்துமிடமாகவோ கிடக்கும் மனையில் வீடுகள் எழுப்புவது நகருள் கட்டுமானம் எனப்படும். கலிஃபோர்னியாவில் 1970இல் ஆளுநர் ரொனால்ட் ரேகன் கையொப்பமிட்ட சுற்றுச்சூழல் தரச் சட்டம், 1972ஆம் ஆண்டின் மாநில உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் அரசு அனுமதி வேண்டும் தனியார் கட்டடங்களையும் தழுவியது. அதன்பின் காட்டை அழிக்கும் திட்டமும் காட்டைக் காக்கவல்ல நகர அடுக்ககமும் ஒரே வகை ஆய்வுக்குள் நிறுத்தப்பட்டன. இந்தப் பொருந்தாமையைக் களையவே பிற்காலத்தில் பல சுருக்கப் பாதைகள் வகுக்கப்பட்டன. எனினும் பக்கங்கள் குறைந்த பாதையே எல்லா மனைக்கும் நல்ல பாதை ஆகிவிடாது.

முழுமையான தாக்க அறிக்கை, மாற்று வழிகளையும் பொதுமக்கள் கருத்துகளையும் உள்ளடக்கும் நீண்ட ஆவணம் என்பதால் காலமும் பணமும் மிகுதியாகக் கோரும். ஆனால் வழக்கு வந்தால், நகராட்சியின் முடிவுக்குப் போதிய சான்று இருக்கிறதா என்பதையே நீதிமன்றம் முதன்மையாகப் பார்க்கும். இடைநிலை ஆவணமான 'தணிப்பு உறுதியுடன் கூடிய தாக்கமின்மை அறிவிப்பு' மலிவானது. ஆயினும் குறிப்பிடத்தக்க தாக்கம் நேரக்கூடும் என்று நியாயமாக வாதிடும் அளவுக்கு எதிர்த்தரப்பு சான்று காட்டினாலே அது வீழ்ந்துவிடும். எனவே அக்கம்பக்கத்தார் எதிர்க்கும் திட்டத்துக்கு இந்த நடுவழியே மிகப் பலவீனமானது. முழு அறிக்கையும் அரசியல் எதிர்ப்பைத் தாங்கும் என்பதற்கு உறுதி இல்லை: சான் பிரான்சிஸ்கோவின் ஸ்டீவன்சன் தெருவில், வண்டி நிறுத்துமிடம் ஒன்றில் 495 வீடுகள் கட்டுவதற்கான தாக்க அறிக்கையை 2021இல் நகர மேற்பார்வையாளர் அவை ஏற்க மறுத்துத் திருப்பி அனுப்பியது.

விலக்குகளில் பழையது, விதிமுறைகளில் 32ஆம் வகுப்பு என்று குறிக்கப்படுவது. மனை நகர எல்லைக்குள் 5 ஏக்கருக்கு மிகாமல், பெரும்பாலும் நகர்ப்பயன்பாட்டால் சூழப்பட்டிருக்க வேண்டும். திட்டம் நில வகைப்பாட்டுக்கு இசைய வேண்டும். அழிவாபத்திலுள்ள உயிரினங்களின் வாழிடமாக மனை இருக்கக் கூடாது. போக்குவரத்து, ஒலி, காற்று, நீர்த்தரம் ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க தாக்கம் இராது என்பதும் காட்டப்பட வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையே பெருஞ்சுமை, ஏனெனில் அதை நிறுவுவதற்கான தொழில்நுட்ப அறிக்கைகள் சிறியதொரு தாக்க அறிக்கையாகவே வளர்ந்துவிடும். வரலாற்றுச் சின்னமோ வழக்கத்துக்கு மாறான சூழ்நிலையோ இருந்தால் விலக்கே மறுக்கப்படலாம்.

2025 ஜூன் இறுதியில் சட்டமான புதிய விலக்கு இச்சுமையைப் பெரிதும் நீக்குகிறது. பொதுவாக 20 ஏக்கர் வரையிலான மனைகளுக்கு இது கிட்டும். போக்குவரத்து, ஒலி பற்றிய தாக்கங்களைத் தனியே நிறுவ வேண்டியதில்லை. அதற்கு ஈடாக, குறைந்தபட்ச வீட்டடர்த்தி, தொல்குடி அரசுகளுடன் கலந்தாய்வு, நிலத்தில் நச்சு எஞ்சியுள்ளதா என்ற முதற்கட்ட ஆய்வு ஆகியவை கட்டாயம். கட்டடம் 85 அடியைத் தாண்டினால் தொழிலாளர் ஊதியம் குறித்த நிபந்தனைகளும் சேர்வதால், உயரமான அடுக்ககத்துக்கு இங்கே கணக்கு மாறும்.

2017ஆம் ஆண்டுச் சட்டம் திறந்த நேரடி அனுமதி இவற்றிலிருந்து வேறுபட்டது. இதில் அதிகாரிக்கு விருப்புரிமை இல்லை. எழுதிய விதிகளுக்குத் திட்டம் இசைந்தால் அனுமதி தந்தாக வேண்டும், எனவே சுற்றுச்சூழல் ஆய்வுக்கே இடமில்லை. வீட்டு இலக்கில் பின்தங்கிய ஊர்களில், குறைந்த வருவாயினருக்கு ஒரு பங்கு வீடுகளை ஒதுக்கும் திட்டங்களுக்கு மட்டுமே இது திறக்கும். கடந்த 10 ஆண்டுகளுக்குள் வாடகைதாரர் வாழ்ந்த வீட்டை இடிக்கும் திட்டத்துக்குத் திறக்காது. ஏழைக் குடும்பங்களை வெளியேற்றிக் கட்டும் பழக்கத்தைத் தடுக்கும் இந்த வரம்பு மிக நியாயமானது.

ஆகவே குறைந்த வருவாயினருக்கான வீடுகள் பெரும்பகுதியாக அமையும் திட்டத்துக்கு நேரடி அனுமதியும், சந்தை விலையில் 85 அடிக்குள் எழும் வீடுகளுக்கு 2025ஆம் ஆண்டு விலக்கும் முதலில் கருதத்தக்கவை. வீடல்லாத கடை, அலுவலகம் போன்றவற்றுக்கு 32ஆம் வகுப்பே எஞ்சும். பழைய எரிபொருள் நிலையமோ சலவைக்கூடமோ இருந்த மனையானால், எந்தப் பாதை அதைக் கேட்காவிட்டாலும் மண் ஆய்வை முதலில் செய்வதே அங்கு குடியேறப்போகும் குழந்தைகளுக்குச் செய்யும் கடமை. விலக்கு பெற்றதும் அதற்கான அறிவிப்பைப் பதியவும் தவறக் கூடாது: பதிந்தால் எதிர்ப்பவர்கள் வழக்குத் தொடுக்க 35 நாள், பதியாவிட்டால் 180 நாள்.