விலை கூடிய ஆயில் வேண்டுமா?

கோபிநத்தத்திலிருந்து பாரம் ஏற்றிய லாரி பாலாறு வழியாக மாதேசுவரன் மலைக்கு ஏறுகிறது. எஞ்சின் சூடாகிறது. சூட்டைத் தாங்க 'சிந்தடிக்' ஆயில் ஊற்றலாமா? விலை இரண்டு மடங்குகூட ஆகுமே!

சிந்தடிக் ஆயில் அதிகச் சூட்டிலும் சீக்கிரம் கெடாது. கடுங்குளிரிலும் உறையாது. நம் பக்கம் அப்படிக் குளிர் ஏது?

டீசல் எரிந்தால் கரி உண்டாகும். அது ஆயிலில் கலக்கும். எந்த ஆயிலும் கறுக்கும். மாற்றத்தான் வேண்டும். பழைய லாரிக்குச் சாதாரண ஆயிலைக் கெடு தவறாமல் மாற்றினால் போதும். ஆயில் குடிக்கும் எஞ்சினில் சிந்தடிக் ஊற்றுவது வீண் செலவு.

2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 விதிப்படி செய்த லாரி வேறு. அதன் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. சாம்பல் குறைந்த ஆயில் ஊற்றாவிட்டால் அது அடைத்துக்கொள்ளும். எந்த ஆயில் என்று வண்டிப் புத்தகத்தில் இருக்கும். 'சி.கே-4' என்பதுபோல ஆங்கில எழுத்தில் இருக்கும். டப்பாவிலும் அதே எழுத்து இருக்கிறதா? பார்த்து வாங்குங்கள்.