மாலைதீவுக்குப் போகிறீர்களா? படகு நேரத்தை முதலில் பாருங்கள்

கட்டுநாயக்கவில் விமானம் ஏறினால் ஒன்றரை மணித்தியாலத்தில் மாலே. கண்டிக்காரருக்கு அதைவிட நீளமானது கட்டுநாயக்க வரையான தரைப்பாதைதான். கடுகண்ணாவ இறக்கம், மாவனல்லை, கேகாலை, வரக்காப்பொல நெரிசல் என்று மூன்று நான்கு மணித்தியாலம் போய்விடும். பறப்புக்கு மூன்று மணித்தியாலம் முன்னதாக அங்கே நிற்கவும் வேண்டும். போய் இறங்கியதும் கடல் பயணம் வேறு. அதனால் டிக்கெட் விலையைப் பார்க்கும் முன் தங்கப்போகும் தீவுக்கு எத்தனை மணிக்குப் படகு என்றுதான் நான் விசாரிப்பேன். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் மற்றதெல்லாம் தானாக அமையும்.

மாலேயின் வேலானா விமான நிலையம் ஹுல்ஹுலே என்ற தனித் தீவில் இருக்கிறது. வெளியே வந்தால் எதிரிலேயே படகுத்துறை. மாஃபுஷி போன்ற பக்கத்துத் தீவுக்கு ஸ்பீட் போட்டில் முக்கால் மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். மாலே நகரிலிருந்து புறப்படும் பொதுப் படகு மிக மலிவு, ஆனால் ஒன்றரை மணித்தியாலம் எடுக்கும். வெள்ளிக்கிழமை அது ஓடாது. அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதை நம்மவர் பலர் யோசிப்பதில்லை. தூரத்து ரிசோர்ட்டுக்குப் போகும் கடல்விமானங்கள் பகலில் மட்டும்தான் பறக்கும். மாலை மங்கி இறங்குபவர்கள் மாலேயிலோ ஹுல்ஹுமாலேயிலோ ஓர் இரவை வீணாகக் கழிக்க நேரும். ஆகவே மதியத்துக்கு முன் போய் இறங்கும் விமானமே குறுகிய பயணத்துக்கு உகந்தது. சில ஆயிரம் ரூபாய் கூடினாலும் பரவாயில்லை.

அப்படியொரு விமானத்தைப் பிடிக்க கண்டியிலிருந்து நள்ளிரவில் வான் பிடித்து ஓட வேண்டும். குழந்தைகளும் வயதானவர்களும் கூட வந்தால் முதல் நாளே நீர்கொழும்பில் போய்த் தங்கிவிடுங்கள். மழைக்காலத்தில் கடுகண்ணாவப் பக்கம் மண்சரிவு என்று பாதையை மூடினால், கட்டுகஸ்தோட்டையிலிருந்து கலகெதர, குருநாகல் வழியாகப் போகலாம். பெரஹரா நாட்களில் நகரைவிட்டு வெளியேறுவதே பெரும்பாடு.

தங்குமிடம் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. 1972இல் குரும்பாவில் தொடங்கிய ரிசோர்ட் வாழ்க்கை நம் சம்பளத்துக்கு எட்டாதது. 2010ஐ ஒட்டி, மக்கள் வாழும் தீவுகளிலும் கெஸ்ட் ஹவுஸ் நடத்த அனுமதி வந்த பிறகுதான் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கும் மாலைதீவு கைக்கு எட்டியது. மாஃபுஷி, குல்ஹி, குராய்தூ மூன்றும் விமான நிலையத்துக்குக் கிட்ட. ஒன்றைத் தேர்ந்து அங்கேயே இருங்கள். தீவுக்குத் தீவு தாவினால் பணமும் பொழுதும் படகிலேயே கரையும். இத்தீவுகளில் மதுபானம் கிடையாது. நீச்சலுடைக்கென்று தனிக் கடற்கரை உண்டு, மற்ற இடங்களில் உடல் மறைக்கும் உடை அவசியம். ரமழானில் பகல் வேளைகளில் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும்.

கடவுச்சீட்டுக்குப் பத்தரமுல்லை வரை அலைய வேண்டியதில்லை, கண்டியிலேயே பிராந்திய அலுவலகம் உண்டு. விசா போய் இறங்கியதும் 30 நாட்களுக்கு இலவசம். திரும்பும் டிக்கெட்டையும் ஹோட்டல் பதிவையும் அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். ‘இமுகா’ பயணப் படிவத்தைப் பறப்புக்கு முந்திய 96 மணித்தியாலத்துக்குள் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணமே இல்லை. காசு கேட்கும் இணையத்தளம் எதையும் நம்பாதீர்கள்.

எங்கள் மாமி எங்கே போனாலும் கைப்பையில் கட்டைவிரல் அளவு பித்தளைப் பிள்ளையார் ஒருவரை மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருப்பார். வழிபாட்டுச் சிலைகளை அந்நாட்டுச் சுங்கம் உள்ளே விடாது. புறப்படுவதற்கு முன் பிள்ளையாரைச் சாமியறையில் இருத்தி, விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் மாமி வானில் ஏறினார். இதை வீட்டுப் பெரியவர்களிடம் முன்கூட்டியே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள், விமான நிலையத்தில் அவர்கள் மனம் நோகக்கூடாது. திரும்பும்போது சிப்பி, பவளம் எதையும் பொறுக்கி வர வேண்டாம். பவளத்தைக் கொண்டுவரத் தடை உண்டு.

செலவில் பலர் மறப்பது பசுமை வரி. சிறிய கெஸ்ட் ஹவுஸில் ஆளுக்கு ஓர் இரவுக்கு 6 டொலர், 2025 முதல். நால்வர் மூன்று இரவு தங்கினால் 72 டொலர், அறை வாடகைக்கு மேல். பதிவு செய்யும்போதே இந்த வரியும் சேவைக் கட்டணமும் விலைக்குள் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சாப்பாட்டுக்கு நம்மவர் திண்டாட மாட்டார்கள். காலையில் மஸ் ஹுனி வரும்: துருவிய தேங்காய், சூரை மீன், வெங்காயம், மிளகாய், தேசிக்காய்ப் புளி, கூடவே மெல்லிய ரொட்டி. நாம் சம்பலுக்கு இடித்துப் போடும் மாசி அங்கிருந்து வந்ததுதானே! ஒரு வாய் வைத்ததும் மாமிக்கு முகம் மலர்ந்துவிட்டது. சைவக்காரர்கள் மட்டும் மீன் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அங்கே கடல் தெளிந்திருப்பது டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. பாடசாலை டிசம்பர் விடுமுறையும் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையும் அதற்குள் வருவது நமக்கு வசதி. மே முதல் செப்டெம்பர் வரை அங்கே தென்மேல் பருவக்காற்று, கடலும் கொந்தளிக்கும். அதே மாதங்களில் நம் கிழக்குக் கரை அமைதியாகக் கிடக்கும். கையில் மூன்று இரவு இல்லையென்றால், அல்லது போகக்கூடியது அந்த மாதங்களில்தான் என்றால், மாலைதீவை விட்டுவிட்டு நிலாவெளிக்குப் போய்ப் புறாமலைக்குப் படகெடுங்கள். அங்கும் பவளப்பாறைதான், கடவுச்சீட்டும் தேவையில்லை.