தூண்டிலில் சிக்காதீர்!



எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அதனால் யார் போனுக்கு எந்த மெசேஜ் வந்தாலும், "படிச்ச புள்ள, நீ பார்த்துச் சொல்லு" என்று என்னிடம்தான் நீட்டுவார்கள். அப்படிப்பட்ட நானே ஏமாந்தேன். அந்த அனுபவத்தைப் பாடமாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிஷிங் என்றால் என்ன?

மீன் பிடிப்பதற்கான ஆங்கிலச் சொல்லிலிருந்து 1990களில் பிறந்த பெயர் இது. மீனுக்குப் புழு, நமக்குத் தெரிந்தவர் பெயர். அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் சிக்கியது எப்படி?

வகுப்புத் தோழன் எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க். "தங்கச்சி டான்ஸ் போட்டியில இருக்கா, ஒரு ஓட்டு போடுடா." திறந்தேன். மொபைல் எண் கேட்டது, கொடுத்தேன். எஸ்.எம்.எஸ்.ஸில் 6 இலக்க எண் வந்தது, அதையும் அடித்தேன். அது ஓட்டுக்கான எண் அல்ல. என் வாட்ஸ்அப்பை வேறொரு போனில் திறக்கும் சாவி! யாரிடமும் பகிராதீர்கள் என்று அந்த எஸ்.எம்.எஸ்.ஸிலேயே இருந்தது. படிச்ச புள்ள அதைப் படிக்கவில்லை.

அரை மணி நேரத்தில் சித்தி போன் செய்தார். "தம்பி, 2,000 ரூபா அனுப்பிட்டேன், வந்துச்சா?" பால் ஊற்றிச் சேர்த்த காசு. நான் கேட்கவே இல்லை. என் பெயரில் எவனோ கேட்டிருக்கிறான். தோழன் கணக்கும் முன்பே இப்படித்தான் திருடப்பட்டிருந்தது.

தப்பிப்பது எப்படி?

1. தெரிந்தவர் பணமோ, எண்ணோ, ஓட்டோ கேட்டால் முதலில் போன் செய்து குரலைக் கேளுங்கள்.

2. தபால் முகவரியில் ஊர் கடைசியில் வருவதுபோல, லிங்கில் முதல் ஒற்றைச் சாய்வுக்கோட்டுக்கு முன் கடைசியாக இருப்பதைப் பாருங்கள். 'வாட்ஸ்அப்.ஓட்டுப்போட்டி.காம்' என்றால் அது வாட்ஸ்அப் அல்ல, ஓட்டுப்போட்டிக்காரனுடையது.

3. ஓ.டி.பி.யை எந்தப் பக்கத்தில் அடிக்கிறோம் என்று பாருங்கள். யு.பி.ஐ. பின் எண் பணம் கொடுக்கத்தான். வாங்கத் தேவையே இல்லை.

4. வாட்ஸ்அப் செட்டிங்கில் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனை இன்றே போடுங்கள். திருடன் முந்திக்கொண்டு போட்டுவிட்டால் 7 நாள் காத்திருக்க நேரும்.

5. சிக்கிவிட்டால் உங்கள் எண்ணில் மறுபடி பதிவு செய்யுங்கள், திருடன் வெளியேற்றப்படுவான். பணம் போயிருந்தால் உடனே 1930க்குப் போன் செய்யுங்கள். வெட்கப்பட்டுத் தாமதித்தால் காசு கைமாறிவிடும். ஆள்மாறாட்ட மோசடிக்கு தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு.

சித்திக்கு மாதம் 500 ரூபாயாகத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போதெல்லாம் என் மெசேஜ் வந்தால், "நீதானாப்பா?" என்று போன் செய்து கேட்டபின்தான் நம்புகிறார். முதலில் வலித்தது. பிறகு புரிந்தது, எனக்கு முன்பே சித்தி பாடம் கற்றுவிட்டார்!

நண்பர்களே, நம் வீட்டார் நம்மை நம்பித்தான் போனை நீட்டுகிறார்கள். லிங்கைத் தொடும் முன் ஒரு நிமிடம் படிப்போம்!