அறைக்குள்ளயே இருந்தா கண்ணு கெட்டுப்போகுமா?



போன செமஸ்டர் லீவுல கண் டெஸ்ட் பண்ணினேன். ரெண்டு வருஷமா -1.25-லயே நின்ன பவர், இப்போ -2. பிளேஸ்மென்ட்டுக்குப் படிக்கிறேன்னு ஆறு மாசம் ஹாஸ்டல் ரூமை விட்டு வெளியவே வரலை. "எந்நேரமும் ரூமுக்குள்ளயே அடைஞ்சு கிடந்தா கண்ணு என்னத்துக்கு ஆகும்?"னு அம்மா கேட்டாங்க. பதில் தெரியல. தேடிப் படிச்சேன், அதுல கிடைச்சதுதான் இந்தக் கட்டுரை.

பார்வையில ரெண்டு பகுதி இருக்கு. கண் ஒரு கேமரா, மூளை அதோட சாஃப்ட்வேர். அடைஞ்சு கிடந்தா எது கெடும்?

முதல்ல சாஃப்ட்வேர்

ஒரு சின்ன சோதனை. ஒரு கையை முகத்துக்கு முன்னாடி 30 செ.மீ. தூரத்துலயும், இன்னொரு கையை 60 செ.மீ. தூரத்துலயும் நீட்டுங்க. ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவாத்தான் தெரியும். ஆனா விழித்திரையில தூரக் கையோட பிம்பம் பாதி அளவுதான்! நம்பிக்கை இல்லையா? ஒரு கண்ணை மூடிக்கிட்டு, கிட்ட இருக்கிற கையால தூரக் கையை மறைச்சுப் பாருங்க. தூரத்தைக் கணக்குல எடுத்து அளவைத் திருத்துறது மூளையோட வேலை. இதுக்குப் பேர் அளவு மாறாமை.

தூரத்தையே பார்க்காம வாழ்ந்தா இந்தத் திறமை என்ன ஆகும்? காங்கோவோட இத்தூரி மழைக்காட்டுல வாழ்ந்தவர் கெங்கே. அடர்ந்த காடு, எந்தப் பக்கம் பார்த்தாலும் பக்கத்துலயே மரம். மானுடவியலாளர் காலின் டர்ன்புல் அவரை ஒரு திறந்த புல்வெளிக்குக் கூட்டிட்டுப் போனார். சில மைல் தள்ளி மேய்ஞ்ச காட்டெருமைகளைப் பார்த்து, "இது என்ன பூச்சி?"ன்னு கேட்டாராம் கெங்கே. டர்ன்புல் 1961-ல இதை எழுதினார். ஆனா இது ஒரே ஒருத்தரோட அனுபவம், ஆய்வகச் சோதனை இல்ல. கெங்கே பிறந்ததுல இருந்தே காட்டுல வளர்ந்தவர். நம்மள மாதிரி வளர்ந்தப்புறம் அடைஞ்சு கிடக்கிறவங்களுக்கு?

அதுக்கும் சோதனை நடந்திருக்கு. மாஸ்கோவுல மார்ஸ்-500. செவ்வாய்ப் பயணத்தை ஒத்திகை பார்க்க, 2010 ஜூன் 3-ல இருந்து 2011 நவம்பர் 4 வரை ஆறு பேர் 520 நாள் உள்ளயே இருந்தாங்க. அவங்க தங்கின பகுதி 3.6 மீட்டர் அகலம், 20 மீட்டர் நீளம். அவ்வளவுதான். அளவையும் தூரத்தையும் மதிப்பிடுற திறன் குறையுதான்னு செக் நாட்டு ஆய்வாளர்கள் சோதிச்சாங்க. 2014-ல வந்த முடிவு: அடைபட்டு இருந்ததால எந்தப் பாதிப்பும் இல்ல.

அப்போ சாஃப்ட்வேர் சேஃப்.

இப்போ கேமரா

ஒரு பொருளைத் தெளிவாப் பார்க்க லென்ஸ் எவ்வளவு கூடுதலா வளையணும்? நம்ம ஃபிசிக்ஸ்தான்:

டயாப்டர் = 1 ÷ தூரம் (மீட்டர்ல)

6 மீட்டர்: 0.17
3.6 மீட்டர் (மார்ஸ்-500 அகலம்): 0.28
50 செ.மீ. (லேப்டாப்): 2
25 செ.மீ. (படுத்துக்கிட்டு பார்க்கிற ஃபோன்): 4

கவனிச்சீங்களா? 3.6 மீட்டர் தள்ளி இருக்கிற சுவரைப் பார்க்க லென்ஸ் பெருசா உழைக்க வேண்டியதே இல்ல. கண்ணைப் பொறுத்தவரை அது கிட்டத்தட்ட அடிவானம். ரூம் சின்னதா இருக்கிறது பிரச்சினை இல்ல.

அப்போ ஃபோன்தான் குற்றவாளியா? நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா 2008-ல வெளியான ஒரு ஆய்வு யோசிக்க வச்சுது. சீன வம்சாவளிக் குழந்தைகள், 6-7 வயசு. சிங்கப்பூர்ல 29.1% பேருக்குக் கிட்டப்பார்வை, சிட்னியில 3.3% பேருக்குத்தான். இத்தனைக்கும் சிட்னிக் குழந்தைங்கதான் அதிகமாப் புத்தகம் படிச்சாங்க! பெரிய வித்தியாசம் ஒண்ணே ஒண்ணு: வாரத்துக்கு அவங்க 13.75 மணி நேரம் வெளியே இருந்தாங்க, சிங்கப்பூர்க் குழந்தைங்க 3.05 மணி நேரம்.

வெளியே அப்படி என்ன இருக்கு? வெளிச்சம். நல்லா லைட் போட்ட அறையிலகூட சில நூறு லக்ஸ்தான். பகல்ல வெளியே நின்னா 10,000 லக்ஸைச் சுலபமாத் தாண்டும். பிரகாசமான வெளிச்சம் விழித்திரையில டோபமினைச் சுரக்க வைக்குது, அது கண் உருண்டை அளவுக்கு மீறி நீளமா வளர்றதைத் தடுக்குதுன்னு ஆய்வாளர்கள் கருதுறாங்க. கண் நீண்டா பிம்பம் விழித்திரைக்கு முன்னாடியே விழும். அதுதான் கிட்டப்பார்வை.

ஆக அம்மா சொன்னது பாதி சரி. அடைஞ்சு கிடந்தது தப்புதான். ஆனா சுவர் பக்கத்துல இருந்ததால இல்ல, சூரியன் உள்ள வராததால.

என்ன பண்ணலாம்?

ஃபோன், லேப்டாப்போட 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை, 20 அடி தூரத்தை 20 செகண்ட் பாருங்க. இது களைப்பைக் குறைக்கும், ஏறின பவரை இறக்காது. நீண்டுபோன கண் திரும்பச் சுருங்காது, என்னோட -2 இனி -2தான்.

அதனாலதான் இதை எழுதுறேன். வெளிச்சத்தால அதிகப் பலன், கண் இன்னும் வளர்ந்துகிட்டிருக்கிற குழந்தைகளுக்கு. என் தங்கச்சிக்கு எட்டு வயசு, இன்னும் கண்ணாடி போடல. லீவுக்கு வீட்டுக்குப் போனா ஃபோனைக் கொடுத்து ஓரமா உட்கார வைக்கிற ஆளு நான்தான். இந்தத் தடவை ஷட்டில் பேட் வாங்கிட்டுப் போறேன்.

உங்க வீட்டுலயும் ஒரு குட்டித் தம்பியோ தங்கச்சியோ இருந்தா, சாயங்காலம் வெயில் இறங்குறதுக்குள்ள வெளியே கூட்டிட்டுப் போங்க. அப்படியே நாமளும் கொஞ்சம் வெளியே வந்த மாதிரி இருக்கும்!