தறிக்குழியில் அமர்வோரின் முதுகுவலியும் கைமுறைச் சிகிச்சையும்

காஞ்சிபுரத்தில் முதுகுவலி, கழுத்துவலி என்று எங்களிடம் வருவோரில் பட்டு நெசவாளர் பலர் உள்ளனர். அவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "எலும்பு விலகியிருக்கிறதா, டாக்டர்? கையால் தட்டிச் சரிசெய்துவிட முடியுமா?" இதற்கான விடையை நோயாளிகளும் குடும்பத்தாரும் அறிந்திருத்தல் நன்று.

வலி எவ்வாறு தோன்றுகிறது?

குழித்தறியில் அமர்பவரின் கால்கள் குழிக்குள் மிதிகட்டைகளை மாறிமாறி மிதிக்கின்றன. உடல் படமரத்தின் பக்கம் முன்சாய்ந்திருக்கிறது. கண்கள் சரிகை வேலைப்பாட்டின்மேல் நிலைத்திருப்பதால் கழுத்து குனிந்தே இருக்கிறது. கோர்வைச் சேலையில் உடலும் கரையும் தனித்தனி ஊடையால் நெய்யப்படுகின்றன. ஆகவே, கரை நாடாவுக்கு உதவியாக அருகில் அமர்பவரும் நெடுநேரம் ஒரு பக்கமாகத் திரும்பியிருக்க நேரிடுகிறது. நாள்தோறும் இவ்வாறு இருக்கையில் சில தசைகள் இறுகுகின்றன. சில தசைகள் வலுவிழக்கின்றன. மூட்டுகளின் அசைவு குறைகிறது. இத்தகைய வலியில் பெரும்பாலும் எலும்பு இடம் மாறுவதில்லை, அசைவுதான் குறைந்திருக்கும்.

கைமுறைச் சிகிச்சையின் அடிப்படை

கையால் தசையையும் மூட்டையும் சீர்செய்வது நமக்குப் புதிதன்று. சித்த மருத்துவம் தட்டல், இறுக்கல், பிடித்தல் முதலான ஒன்பது வகைத் தொக்கணங்களைக் கூறுகிறது. அமெரிக்காவில் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற மருத்துவர் 1874ஆம் ஆண்டில் ஆஸ்டியோபதி என்னும் முறையை முன்வைத்தார். 1892இல் மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் நகரில் அதற்கென ஒரு பள்ளியும் தொடங்கினார். உடல் முழுவதும் ஒன்றோடொன்று இணைந்தது. உறுப்பின் அமைப்பும் செயலும் ஒன்றையொன்று சார்ந்தவை. உடலுக்குத் தன்னைச் சீர்செய்துகொள்ளும் ஆற்றல் உண்டு என்பன அம்முறையின் கொள்கைகள். நோய்கள் அனைத்துக்கும் எலும்பமைப்பே வேர் என்னும் பழைய எண்ணத்தை இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. ஆயினும், தோள் வலித்தால் கழுத்தையும் மேல்முதுகையும், இடுப்பு வலித்தால் தொடை மூட்டையும் சேர்த்துச் சோதிக்கும் வழக்கம் பயனுள்ளது. நாங்களும் அவ்வாறே சோதிக்கிறோம்.

சிகிச்சையில் என்ன நடக்கிறது?

இறுகிய தசையை மெல்ல அழுத்தி நீட்டுதல் ஒரு வகை. அசைவு குறைந்த மூட்டைச் சிறிது சிறிதாக அசைத்தல் மற்றொரு வகை. மூன்றாவது வகையில், நோயாளி இயன்முறை மருத்துவரின் கையை எதிர்த்துச் சுமார் 5 விநாடி மெதுவாகத் தள்ளிப் பின் தளர்த்துவார்; தசை தளர்ந்த அவ்வேளையில் மூட்டு இன்னும் சற்று தூரம் நகர்த்தப்படும். மூட்டில் சில வேளை கேட்கும் 'சொடக்கு' ஒலி, மூட்டு நீரில் வாயுக்குமிழி உண்டாவதோடு தொடர்புடையது. எலும்பு இடத்தில் பொருந்திய ஓசை அன்று.

நாள்பட்ட கீழ்முதுகு வலி குறித்து உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டி, உடற்பயிற்சி, நோய் பற்றிய விளக்கம், கைமுறைச் சிகிச்சை ஆகியவற்றைப் பரிந்துரைக்கிறது. இடுப்புப் பட்டையையும், எடை கட்டி இழுக்கும் சிகிச்சையையும் வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. கைமுறைச் சிகிச்சையின் பயன் மிதமானதே. அது தரும் வலிக்குறைவைக் கொண்டு பயிற்சியைத் தொடங்கினால்தான் நலம் நிலைக்கும்.

தறியில் செய்ய வேண்டியவை

ஓய்வெடுத்தால் கூலி இல்லை என்பதை நாங்கள் அறிவோம். தறியை விட்டுவிடுமாறு சொல்லவில்லை. அரை மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து, இடுப்பில் கைகளை ஊன்றி, மெதுவாக 5 முறை பின்னோக்கி வளையுங்கள். தோள்களைப் பின்னோக்கிச் சுழற்றுங்கள். இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயர்ந்திருக்குமாறு, மடித்த போர்வையை இருக்கையில் இடுங்கள். வேலைப்பாட்டின்மேல் நேராக விளக்கொளி விழுமாறு செய்தால் கழுத்து குனிவது குறையும். நெய்பவரும் உதவியாளரும் ஒரே வேளையில் எழுந்தால் வேலை தடைப்படாது.

யாரும் கை வைக்கக் கூடாத வேளைகள்

சிறுநீர் அடைத்துக்கொள்ளுதல், சிறுநீரையோ மலத்தையோ அடக்க இயலாமை, தொடையிடுக்கும் ஆசனவாய்ப் பகுதியும் மரத்துப்போதல், கால் வலுக்குறைதல் ஆகியவை தோன்றினால் அன்றே அவசரப் பிரிவுக்கு வாருங்கள். காய்ச்சல், உடல் எடை குறைதல், உறங்கவிடாத இரவு வலி ஆகியவை முதுகெலும்புக் காசநோயின் அறிகுறிகளாக இருக்கலாம். அந்நோய் மருந்தால் குணமாகக்கூடியது. தேய்த்தும் நீவியும் நாள் கடத்தினால் கால்கள் செயலிழக்கக்கூடும். விழுந்தபின் தோன்றிய வலி, எலும்பு அடர்த்திக் குறைவு, புற்றுநோய்ச் சிகிச்சை பெற்ற வரலாறு, நெடுநாள் ஸ்டீராய்டு மருந்து ஆகியவை இருப்பின் முதலில் பரிசோதனை வேண்டும்.

முடிதிருத்தகத்தில் கழுத்தைத் திடீரெனத் திருகிச் சொடுக்க விடாதீர்கள். அரிதாக, கழுத்து இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் நேரலாம்.

இவ்வறிகுறிகளை வீட்டில் உள்ள அனைவரும் தெரிந்துகொள்ளுங்கள். வலியைத் தாங்கிப் பழகிய நெசவாளர் பலர் தாமாக அதைச் சொல்வதில்லை. அவருடைய நடையிலோ எடையிலோ மாற்றத்தைக் கண்டால், நெய்துகொண்டிருக்கும் சேலை முடியட்டும் என்று காத்திராமல் அவரை எங்களிடம் அழைத்து வாருங்கள்.