வாசற்படியும் ஒரு இறாத்தல் பாணும்



மாலை வேளையில் போறணையிலிருந்து பாண் இறங்கும்போது எழும் வாசனையை நம்மில் அறியாதவர் யார்? ‘பாண்’ என்ற சொல்லையும் ‘போறணை’ என்ற சொல்லையும் போர்த்துக்கேயர் நமக்கு விட்டுச் சென்றனர். இன்று அவை நம் வீட்டுச் சொற்களாகிவிட்டன. சுன்னாகம் போன்ற சந்தையூரில், வியாபாரியும் கூலியாளும் பள்ளிப் பிள்ளையும் ஒருங்கே வந்து நிற்கும் இடம் பேக்கரி. அதன் வாசற்படியைப் பற்றி இவ்வாரம் சிறிது சிந்திப்போம்.

சக்கர நாற்காலியில் நடமாடும் ஒருவர் அங்கே வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாசலில் இரண்டு படிகள். அவர் வீதியோரத்திலேயே நின்றுவிடுகிறார். உள்ளேயிருந்து ஒரு பையன், “அண்ணை, என்ன வேணும்?” என்று கேட்டு ஓடி வருகிறான். பாணும் மிச்சக் காசும் அவர் மடிக்கே வந்து சேருகின்றன. நல்ல பையன்; நல்ல செயல். ஆனாலும் ஒரு கேள்வி: அவர் கடைக்கு வந்தாரா?

கண்ணாடிப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அவர் பார்க்கவில்லை. றோஸ் பாணா, பணிஸா என்று தாமே தெரியவில்லை. பக்கத்தில் நிற்பவரோடு ஊர்ப் புதினம் பேசவில்லை. மழை பெய்தால் ஒதுங்கவும் அவருக்கு இடமில்லை. “அதுதான் ‘சூன் பாண்’ வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வீட்டு வாசலுக்கே வருகிறதே” என்று சிலர் சொல்லக்கூடும். உண்மைதான். ஆனால் நமக்கும் அந்த வண்டி வருகிறது. ஆயினும் நாம் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டோமா? பாண் கிடைப்பது ஒன்று. நாலு பேரோடு ஒருவராய் நிற்பது வேறொன்று. முன்னையதைக் கொடுத்துவிட்டுப் பின்னையதையும் கொடுத்துவிட்டதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். தவறு அங்கேதான் இருக்கிறது.

இது இரக்கத்தைப் பற்றிய விடயம் மட்டுமன்று. நீதியைப் பற்றியதும் ஆகும். இயலாமையுடையோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் நமது நாட்டில் 1996இல் நிறைவேறியது. பொதுக் கட்டடங்களுக்கும் பொதுச் சேவை வழங்கும் இடங்களுக்கும் அவர்கள் தடையின்றிச் சென்றுவர வழிசெய்யும் ஒழுங்குவிதிகள் 2006இல் வெளியாயின. இவற்றை நடைமுறைக்குக் கொண்டுவர உயர் நீதிமன்றம் வரை சென்றவர் கலாநிதி அஜித் சி. எஸ். பெரேரா. இரசாயனவியலாளரும் கிரிக்கெட் நடுவருமான அவர், 1992இல் தமது காரின் மேல் மரம் விழுந்ததால் கால்களின் இயக்கத்தை இழந்தவர். புதிதாக எழும் பொதுக் கட்டடங்கள் இவ்விதிகளைக் கைக்கொள்ள வேண்டுமென்று 2011 ஏப்ரலில் நீதிமன்றம் கட்டளையிட்டது. ஆகவே, உள்ளே வருகிறவர் சலுகை கேட்டு வருகிறவர் அல்லர்.

சரி, செய்ய வேண்டியது என்ன? முதலில் சரிவுப்பாதை. ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்பது பொதுவான கணக்கு. ஆறு அங்குலப் படிக்கு ஆறு அடி. இரண்டு படியென்றால் பன்னிரண்டு அடி. நேரே இடமில்லாவிட்டால் சுவரோரமாகத் திருப்பிக் கட்டலாம். அவசரத்துக்கு ஒரு குட்டைப் பலகையைச் செங்குத்தாகச் சாய்த்து வைப்பது உதவியன்று. நாற்காலி பின்புறமாகக் கவிழ்ந்துவிடும். அடுத்தது கதவு. திறந்த நிலையில் இரண்டு அடி எட்டு அங்குல இடைவெளியாவது வேண்டும். உள்ளே திரும்புவதற்கு ஐந்து அடிச் சதுர இடம் போதும். சோடாப் பெட்டிகளை ஓரமாக்கினால் பல கடைகளில் அது கிடைத்துவிடும்.

கடைக்குப் போகும் நமக்கும் கடமைகள் உண்டு. சரிவுப்பாதையின் அடியில் சைக்கிளையோ மோட்டார் சைக்கிளையோ நிறுத்தாதிருப்போம். கேளாமல் நாற்காலியைத் தள்ளவோ தூக்கவோ வேண்டாம். சில நாற்காலிகளின் கைப்பிடி, பிடித்துத் தூக்கினால் கழன்று வந்துவிடும். “உதவி வேணுமா?” என்று முதலில் கேட்போம். கூட வந்தவரிடம், “இவருக்கு என்ன வேணும்?” என்று கேட்பதை விடுத்து, அவரிடமே பேசுவோம். மிச்சக் காசையும் அவர் கையிலேயே கொடுப்போம்.

கப்பர்நாகூமில் நடந்ததை மாற்கு நற்செய்தி இரண்டாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். திமிர்வாதக்காரனைச் சுமந்து வந்த நால்வருக்கு வாசலில் வழி கிடைக்கவில்லை. கூட்டம் கலையட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. ஆண்டவரை வெளியே அழைத்துவரச் சொல்லவுமில்லை. கூரையைப் பிரித்து அவனை உள்ளேயே இறக்கினார்கள். அவர்களுடைய விசுவாசத்தை இயேசு கண்டார். ஒரு மனிதன் உள்ளே வருவதற்காக வீட்டின் கூரையே பிரிக்கப்பட்டது. நாமோ இரண்டு படிகளுக்கு மேல் சிறிது சீமெந்து பூசத் தயங்குகிறோம்!

கடைக்காரரைக் குறைகூறுமுன் நமது ஆலய வாசலையும் ஒருமுறை பார்த்துக்கொள்வோம். அங்கும் படிகள் உண்டல்லவா? பேக்கரிப் பையன் பாணை வெளியே கொண்டுவந்து கொடுப்பதுபோல, நற்கருணையையும் வெளியே கொண்டுசென்று கொடுத்து நாம் திருப்தியடைந்துவிடுகிறோமா? ஒரே அப்பத்தில் பங்குகொள்வோர் ஒரே கூரையின் கீழ் கூட வேண்டாமா?

குடும்பமாகச் சிந்திக்க:

1. நாம் வழக்கமாகப் பாண் வாங்கும் கடைக்கு எத்தனை படிகள்? இந்த வாரம் எண்ணிப் பாருங்கள்.

2. நமது வீட்டு வாசலுக்குள் சக்கர நாற்காலியில் ஒரு விருந்தினர் வர முடியுமா?

3. நம் பங்கில் வெளியே வராமல் வீட்டோடு இருப்பவர் யார்? அவரைத் தடுப்பது அவருடைய கால்களா, நமது படிகளா?